காட்டுப்பாதைக்கு ஏடிவி வாங்கும் முன்: முன் டிஃபரன்ஷியலில் இருந்து தொடங்குங்கள்

நடுத்தர ஏடிவி (கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர மோட்டார் வண்டி) என்று கடைக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் 400-க்கும் 600 சிசி-க்கும் இடைப்பட்ட வண்டிகளை. வாங்க வருபவர் முதலில் கேட்பதும் அந்த சிசி-யைத்தான். அந்த எண்ணை ரொம்ப நம்பாதீர்கள். யமஹா கோடியாக் 450-இன் இன்ஜின் 421 சிசி. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570-இல் இருப்பது 567 சிசி. கேன்-ஆம் அவுட்லேண்டர் 500-இன் புதிய தலைமுறையில் உட்கார்ந்திருப்பதோ 650 சிசி இன்ஜின். பெயரில் உள்ள எண்ணை வைத்து இரண்டு வண்டிகளை ஒப்பிட்டால் கணக்கு தப்பும். அதைவிட முக்கியமாக, மரங்களுக்கு நடுவே மணிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இந்த வகுப்பில் எந்த வண்டிக்கும் சக்தி பற்றாமல் போவதில்லை. வண்டி மாட்டிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். அதில் முக்கியமானது முன் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு முன் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் அமைப்பு. அதைப் படி 3-இல் விரிவாகப் பார்ப்போம்.

கியர், பிரேக், ஆயில் பற்றிய அடிப்படை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

படி 1: டேப்பை எடுத்துக்கொண்டு பாதைக்குப் போங்கள்

போகப்போகிற பாதையில் மிகக் குறுகலான இடம் எது? இரண்டு மரங்களுக்கு நடுவிலோ கேட்டிலோ பாறை இடுக்கிலோ, எங்கே இருந்தாலும் அதை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த வகுப்பு வண்டிகளின் அகலம் 115 முதல் 125 சென்டிமீட்டருக்குள் அடங்கும். 50 அங்குலம், அதாவது 127 சென்டிமீட்டர் அகலத்துக்குள் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று வகுத்த பாதைகள் உண்டு. கம்பெனியில் இருந்து வரும்போது வண்டி அதற்குள் நிற்கும். பிறகு ஆசைப்பட்டு வீல் ஸ்பேசரோ (சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் வளையம்) வெளியே தள்ளி நிற்கும் ரிம்மோ போட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து கூடி, அந்த அளவைத் தாண்டிவிடும்.

அடுத்து எடை. பெரும்பாலும் 270-இல் இருந்து 350 கிலோ வரை வரும். தனியாகப் போகிறவர் என்றால் இந்த இடைவெளி மிகப் பெரியது. சரிவில் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் 280 கிலோ வண்டியை ஒரு ஆள் நெம்பி நிமிர்த்த வாய்ப்பு உண்டு. 350 கிலோ என்றால் வின்ச் (வண்டியில் பொருத்தும், கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்) இல்லாமல் நடக்காது.

இன்னொரு ஆளை ஏற்றும் எண்ணம் இருந்தால் அதற்கென்றே நீட்டிச் செய்த இரட்டை இருக்கை மாடலைத்தான் பாருங்கள். சாதாரண மாடலின் நீளமான சீட் ஓட்டுநர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்றுவதற்காக அமைந்தது. பின்னால் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கும்.

படி 2: ஏறி நின்று பாருங்கள்

ஷோரூமில் உட்கார்ந்து பார்ப்பது போதாது. ஃபுட்ரெஸ்டில் எழுந்து நில்லுங்கள். சீட்டுக்கும் உங்கள் கவட்டைக்கும் நடுவே குறைந்தது 7, 8 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் மேடு பள்ளத்தில் சீட் உங்களைத் தூக்கி எறியும். உட்காரும்போது தொடை ஏறத்தாழ தரைமட்டமாக இருக்க வேண்டும், முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

இப்போது ஹேண்டில்பாரை முழுக்க இடப்பக்கம் திருப்புங்கள். வலது கை உங்களை விட்டு விலகிப் போகும். அந்த நிலையிலும் கட்டைவிரல் ஆக்சிலரேட்டரை சிரமமில்லாமல் அழுத்துகிறதா? எட்டிப்பிடித்துத்தான் அழுத்த முடிகிறது என்றால், குறுகிய இடது வளைவில் ஏறும்போது ஒன்று விட்டுவிடுவீர்கள் அல்லது மொத்தமாக அழுத்திவிடுவீர்கள். பிரேக் லீவருக்கும் ஒரு சோதனை: கையை நேராக நீட்டினால் நடுவிரலின் முதல் கணு லீவரைத் தாண்ட வேண்டும். இதையெல்லாம் போட்டுக்கொண்டு ஓட்டப்போகும் கையுறை, பூட்ஸோடு செய்து பாருங்கள்.

படி 3: 4×4 என்ற ஸ்டிக்கருக்குப் பின்னால் என்ன இருக்கிறது

ஆரம்பத்தில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பெரும்பாலான ஏடிவிகளில் பின் சக்கரங்கள் இரண்டும் எப்போதும் ஒன்றாகச் சுற்றும். ஃபோர் வீலில், அதாவது 4×4-இல் போட்டால் முன்பக்கமும் சேர்கிறது. ஆனால் முன்னால் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கிறது. அது சாதாரண, திறந்த வகையாக இருந்தால் எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லையோ அதுதான் சுற்றும். ஒரு ஓடையைக் கோணலாகக் கடக்கிறீர்கள் என்று வையுங்கள். முன் இடது சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது. அது காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும், மண்ணை அழுத்தி நிற்கும் வலது சக்கரம் சும்மா நிற்கும். பின் சக்கரங்கள் சேற்றில் என்றால் வண்டி அசையாது. டாஷ்போர்டில் 4×4 விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

இதைச் சமாளிக்க நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

ஹோண்டா ரான்ச்சர் 420-இல் இருப்பது லிமிடெட் ஸ்லிப். ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்குக் கொஞ்சம் விசை போகும். ஸ்டியரிங் இலகுவாக இருக்கும், பழுதுபட அதிகம் எதுவும் இல்லை. ஒரு சக்கரம் முழுக்கத் தூக்கிவிட்டால் மட்டும் திணறும். அப்போது ஆக்சிலரேட்டரைப் பிடித்தபடியே முன் பிரேக்கை லேசாகத் தொடுங்கள், தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் விசை திரும்பும்.

இரண்டாவது, கையால் போடும் டிஃப் லாக். சுசூகி கிங்க்வாட் 500-இலும், 2020-இல் இருந்து ஹோண்டா ரூபிகான் 520-இலும் இருக்கிறது. சுவிட்சைத் தட்டினால் முன் சக்கரம் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பாறைக்கும் வேர்களுக்கும் இதைவிட நல்லது இல்லை. ஆனால் லாக் போட்டபின் ஹேண்டில் கனக்கும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். தடையைத் தாண்டியதும் எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது போலாரிஸின் முறை. பின் சக்கரம் வழுக்கினால்தான் முன் இரண்டும் தானாகச் சேரும், பிடிப்பு கிடைத்ததும் விலகும். புதிதாக ஓட்டுபவருக்கு யோசிக்க வேலையே இல்லை. பின் சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது சுவிட்சைத் தட்டக் கூடாது, உள்ளே உள்ள உருளைகள் அடிவாங்கும். ஆக்சிலரேட்டரை விட்டு, சக்கரம் நின்றபின் போடுங்கள்.

நான்காவது கேன்-ஆம் விஸ்கோ-லாக். இரண்டு முன் சக்கரங்களின் வேக வித்தியாசமே எண்ணெயை அழுத்தித் தட்டுகளை இறுக்கும். அந்த வித்தியாசம் உண்டாகும்வரை பூட்டு விழாது, அதனால் ஒரு கணம் தாமதம் தெரியும்.

பாறை, வேர், ஆழமான வண்டித்தடம் நிறைந்த பாதை என்றால் லாக் உள்ளதையே எடுங்கள். சரளையும் மண்ணும் கலந்த சாதாரணப் பாதைக்கு லிமிடெட் ஸ்லிப் தாராளமாகப் போதும். கனமில்லாத ஸ்டியரிங்கின் அருமை மூன்றாவது மணி நேரத்தில்தான் தெரியும்.

நிற்கும் வண்டியிலேயே இதைச் சோதிக்கலாம். சமதளத்தில் பின் சக்கரங்களைத் தரையில் வைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜின் அணைந்திருக்கட்டும், சாவி மட்டும் ஆன். ஃபோர் வீலில் போட்டு ஒரு முன் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் லேசாகச் சுற்றினால் திறந்த வகை. எதிர்த்திசையில் சுற்றினாலும் கை இறுக்கத்தை உணர்ந்தால் லிமிடெட் ஸ்லிப். லாக் போட்டபின் இரண்டும் அசையக் கூடாது. இரண்டும் தங்கள் இஷ்டத்துக்குத் தனித்தனியாகச் சுற்றினால் முன்பக்கம் சேரவே இல்லை என்று பொருள்.

பின்னர் சேர்த்தது: லாக் விளக்கு விட்டு விட்டு எரிகிறது, வண்டி கெட்டுவிட்டதா என்று பலர் கேட்கிறார்கள். அநேகமாக இல்லை. உள்ளே பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கின்றன. சக்கரத்தைக் கையால் கால்சுற்று திருப்பினால் டக் என்று விழும், விளக்கும் நிலைக்கும். ஓடும் வண்டியில் என்றால் ஹேண்டிலை இடமும் வலமும் கொஞ்சம் ஆட்டியபடி மெதுவாக நகர்த்துங்கள். இன்னொன்று, போலாரிஸ் வகையை இந்த ஜாக்கி முறையில் சோதிக்க முடியாது. அதை ஈரப் புல்லிலோ தளர்ந்த மண்ணிலோ ஓட்டி, பின் சக்கரத்தை வழுக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

படி 4: பின் சஸ்பென்ஷன்

ஒரே தண்டாக வரும் பின் ஆக்சில், அல்லது ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்கும் வகை. பாறைப் பாதைக்கு இரண்டாவதுதான் என் தேர்வு. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் வண்டி முழுக்கச் சாயாது, நடுவயிறும் உயரமாகவே நிற்கும். ஒற்றைத் தண்டு வகையில் பாரம் ஏற்றினாலும் தரை இடைவெளி குறையாது, பராமரிப்பும் குறைவு. ஆனால் நடுவில் தொங்கும் கியர் பெட்டி கல்லில் இடிக்கும். தனி சஸ்பென்ஷனில் ரப்பர் பூட் (ஆக்சில் மூட்டுகளை மூடும் மடிப்பு உறை) மொத்தம் எட்டு, ஒற்றைத் தண்டில் முன்னால் உள்ள நான்குதான். அந்தக் கூடுதல் நான்கையும் நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

படி 5: இறக்கம், லோ கியர், பெல்ட்

ஏறுவது எல்லா வண்டியும் ஏறும். இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். பெல்ட் வைத்த சிவிடி (கியர் மாற்றாமல் தானாக விகிதம் மாறும் வகை) வண்டிகளில், ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜின் வண்டியைப் பிடிக்கிறதா, எத்தனை சக்கரத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள். யமஹாவில் ஃபோர் வீலில் இருக்கும்போது நான்கும் பிடிபடும். போலாரிஸில் பின்பக்கம் மட்டும் பிடிபடும். நான்கும் வேண்டுமென்றால் இறக்கக் கட்டுப்பாட்டு வசதி சேர்ந்த மாடலாகத் தேட வேண்டும். சோதனை ஓட்டத்தில் செங்குத்தான சரிவில் லோ கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் மெதுவாக இறங்கிப் பார்ப்பது இதற்காகத்தான்.

லோ கியர் இல்லாத பெல்ட் வண்டியைக் காட்டுப்பாதைக்கு எடுக்காதீர்கள். மணிக்கு 10, 11 கிலோமீட்டருக்குக் கீழே ஹை-யில் உருட்டிக்கொண்டே போனால் பெல்ட் வழுக்கிச் சூடாகும். ரப்பர் எரியும் வாடை வந்தால் ஏற்கெனவே தாமதம். பாறை, செங்குத்து, சேறு, இழுவை, இவை எல்லாவற்றுக்கும் லோ-தான். பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போய் வழுக்கினால் அடியில் உள்ள வடிகால் மூடியைத் திறந்து விடுங்கள். பிறகு நியூட்ரலில் சிறிது நேரம் இன்ஜினை ஏற்றி ஏற்றி விட்டால் உலர்ந்துவிடும்.

பெல்ட்டே வேண்டாம் என்றால் ரான்ச்சர் போன்ற கியர் வண்டிகள் இருக்கின்றன. தண்ணீர் நிறைந்த பாதைக்கு அது நிம்மதி.

படி 6: டயரும் காற்றும்

25×8-12 என்று எழுதியிருந்தால் வெளிவட்டம் 25 அங்குலம், அகலம் 8, ரிம் 12. வாங்கிய கையோடு 27 அங்குலத்துக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: உயரம் கூடுவது ஒரே அங்குலம், கியர் விகிதம் கெடுவது 8 சதவீதம். அந்தச் சுமை முழுவதும் பெல்ட்டின் மேல்தான் விழும். முதல் வருடம் கம்பெனி அளவிலேயே ஓட்டுங்கள்.

காற்று 5 முதல் 7 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு). கார் டயர் கேஜில் இதை அளக்கவே முடியாது. அதில் முள் முதல் கோட்டைத் தொடுவதற்குள் உங்கள் மொத்த அளவும் முடிந்துவிடும். 0 முதல் 10 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் கேஜ் ஒன்றை வண்டியோடு சேர்த்தே வாங்குங்கள். ஒரு பக்கம் 4, மறுபக்கம் 7 இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், நீங்கள் ஸ்டியரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

படி 7: பவர் ஸ்டியரிங், வின்ச், பாரம்

பவர் ஸ்டியரிங் உள்ள மாடலையே எடுங்கள். கையை இலகுவாக்குவது ஒரு பக்கம் இருக்கட்டும். சக்கரம் மறைந்திருக்கும் கல்லில் மோதும்போது ஹேண்டில் சுழன்று கட்டைவிரலை முறிக்காமல் அந்த உதையை வாங்கிக்கொள்வதுதான் அதன் பெரிய உபகாரம்.

வின்ச்சுக்குக் கணக்கு: வண்டி 320, ஆள் 85, சாமான் 30, மொத்தம் 435 கிலோ. அதன் ஒன்றரை மடங்கு சுமார் 650. சேறு உறிஞ்சிப் பிடிப்பதையும் சேர்த்துப் பார்த்தால் 2500 பவுண்டு, அதாவது 1130 கிலோ வின்ச் இந்த வகுப்புக்குச் சரி. இரும்பு வடம் வேண்டாம், செயற்கை இழைக் கயிறு போதும். அறுந்தாலும் இரும்பு வடத்தைப் போல் வெறியோடு திரும்பி அடிக்காது. இழுக்கும்போது இன்ஜின் ஓடட்டும், விட்டு விட்டு இழுங்கள்.

கையேட்டில் மொத்தப் பாரம் 220 கிலோ என்று இருந்தால் அதில் நீங்களும் அடக்கம். ஆள் 90, வின்ச்சும் பம்பரும் அடித்தகடும் 45 என்றால் சாமானுக்கு மிச்சம் 85 கிலோ.

படி 8: பழைய வண்டி என்றால்

முன் டிஃபரன்ஷியலின் வடிகால் போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் தங்கும், அதனால் முதல் சொட்டே கதையைச் சொல்லிவிடும். பால்விட்ட டீ நிறத்தில் வந்தால் தண்ணீரைத் தடுக்கும் சீல் போயிருக்கிறது. ரப்பர் பூட்களின் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள், வெடிப்பு மடிப்பின் உள்ளேதான் ஒளிந்திருக்கும். தூக்கி நிறுத்திய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயின்ட் ஆட்டம் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராடு, அதாவது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் ஆட்டம் தெரியும்.

கடைசியாக சீட்டைத் தூக்கி ஏர் பாக்ஸைத் திறந்து ஃபில்டரை எடுங்கள். ஃபில்டருக்கு அப்பால், இன்ஜினுக்குப் போகும் குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் ஒரு தரம் துடையுங்கள். துணியில் மண் ஒட்டினால் அந்த இன்ஜின் தூசியைத் தின்று வளர்ந்தது. மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போங்கள்.