சுவிஸில் பனிக் கிறிஸ்துமஸ், ஸ்கீ இல்லாமல்: குடும்பங்கள் கோட்டை விடும் இடங்கள்

கிறிஸ்துமஸ் வாரத்தில் சுவிஸ் மலை ஊர்கள் ஸ்கீ செய்பவர்களுக்காகவே இயங்குகின்றன. வீட்டு வாடகை, கேபிள் கார் டிக்கெட், வாடகைக் கடை, கடைசி வண்டியின் நேரம் என எதை எடுத்தாலும் அவர்கள் வசதிதான் முதலில். ஸ்கீ தெரியாத குடும்பமும் அங்கே ஒரு வாரத்தை ரசித்துக் கழிக்க வழிகள் உண்டு, ஆனால் அவை கேட்டால்தான் கிடைக்கும். எதைக் கேட்பது என்று தெரியாமல் போகிறவர்கள் ஈரத் தெருவில் நடந்துவிட்டு, தேவையில்லாத பாஸுக்குப் பணம் கட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். இந்தியர்கள் அதிகம் தங்கும் இண்டர்லாகன், கிரிண்டல்வால்ட், லவுட்டர்புருன்னன் வட்டாரத்தை வைத்தே இங்கே சொல்கிறோம். சுவிஸிலேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

உயரம் பார்க்காமல் ஊரைப் பிடிப்பது

தவறுகளில் பெரியது இதுதான். மற்றவற்றைப் போன இடத்தில் சமாளித்துக்கொள்ளலாம், இதை முடியாது. இண்டர்லாகன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 570 மீட்டர் உயரம்தான். டிசம்பர் கடைசியில் அங்கே பனி விழுவதும் உண்டு, மழை பெய்வதும் உண்டு. 100 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். இண்டர்லாகனில் 3 டிகிரியில் மழை என்றால், 1,638 மீட்டரில் இருக்கும் மூரனில் மைனஸ் 3 டிகிரியில் அதே மேகம் பனியாகக் கொட்டும். கிறிஸ்துமஸை ஒட்டி அட்லாண்டிக் பக்கமிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்து, தாழ்வான ஊர்களில் அதுவரை விழுந்ததைக் கரைத்துவிட்டுப் போவது அங்கே பழகிப்போன விஷயம். டிசம்பர் முதல் வாரத்தில் யாரோ போட்ட படத்தைப் பார்த்து 25ஆம் தேதிக்கு நம்பிக்கை வைக்காதீர்கள்.

வாசலைத் திறந்தால் பனி வேண்டும் என்றால் 1,500 மீட்டருக்கு மேல் தங்குங்கள். இந்த வட்டாரத்தில் அதற்கு மூரன். 1,274 மீட்டரில் உள்ள வெங்கன் ஓரளவு நம்பலாம். கிரிண்டல்வால்ட் 1,034 மீட்டர்தான், ஊருக்குள் பனி இருப்பது அந்த ஆண்டின் அதிர்ஷ்டம். வேறு பகுதிக்குப் போகத் தயார் என்றால் வாலிஸ் மாநிலத்தில் ரீடரால்ப், பெட்மரால்ப் இரண்டும் 1,900 மீட்டரைத் தாண்டியவை. வெங்கன், மூரன் போலவே அங்கும் கார் கிடையாது. குழந்தையையும் மளிகைப் பையையும் சறுக்கு வண்டியில் வைத்துத் தெருவிலேயே இழுத்துப் போகலாம். சக்கரம் வைத்த ஸ்ட்ரோலர் பனியில் புதையும், அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை. பனி குறைந்த ஆண்டில் செயற்கைப் பனியை ஸ்கீ தடங்களில்தான் அடிப்பார்கள். ஸ்லெட்ஜ் எனும் சறுக்கு வண்டிக்கான தடங்களும் நடைபாதைகளும் பெரும்பாலும் வானத்தை நம்பியே இருக்கின்றன. ‘ஸ்கீ சீசன் தொடங்கிவிட்டது’ என்ற அறிவிப்பு உங்களுக்கான அறிவிப்பு அல்ல. மலை ரயில் நிறுவனங்களின் தளங்களில் ஸ்லெட்ஜ் தடம், குளிர்கால நடைபாதை ஒவ்வொன்றும் திறந்திருக்கிறதா என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அதைப் பாருங்கள். மூடிய தடத்துக்குப் பதிலாக ஸ்கீ தடத்தில் நடப்பதோ ஸ்லெட்ஜ் விடுவதோ கூடாது, வேகமாக வருபவரால் நிறுத்த முடியாது.

கீழே வானம் சாம்பலாக இருந்தால் அன்றைய திட்டத்தைக் கைவிடுவதும் தவறு. குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று தாழ்நிலத்தில் தேங்கி, மேலே மூடிபோட்டதுபோல் மூடுபனி நாள்கணக்கில் நிற்கும். பெர்னில் சூரியனே தெரியாத நாளில் 1,500 மீட்டரில் கண் கூசும் வெயில் அடிக்கும். காலையில் வெப்கேமராவைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டிக்கெட்டில் விரயம்

ஸ்கீ செய்யாதவருக்கு ஸ்கீ பாஸ் தேவையில்லை. கவுண்டரில் ‘ஃபுஸ்கேங்கர்’ என்று கேட்டால் நடந்து செல்வோருக்கான டிக்கெட் தருவார்கள். சில மலைகளில் ஸ்லெட்ஜுக்கென்றே நாள் டிக்கெட் உண்டு.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கான ரயில், பேருந்துப் பாஸான சுவிஸ் டிராவல் பாஸ் கிரிண்டல்வால்ட், வெங்கன், மூரன் வரை செல்லும். அதற்கு மேல் கணக்கு மாறும். கிரிண்டல்வால்டிலிருந்து ஃபர்ஸ்ட் மலைக்கும், மூரனிலிருந்து ஷில்தோர்னுக்கும் 50 சதவீதத் தள்ளுபடி, உயரமான மலை ரயில் நிலையமான யுங்ஃபிராயோக்குக்கு 25 சதவீதம் மட்டும். ‘பாஸ் இருக்கிறதே’ என்று யுங்ஃபிராயோக் வாசலில் போய் நிற்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. பாஸ் வாங்கும்போதே ஃபேமிலி கார்டைக் கேட்டு வாங்குங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. பெற்றோரில் ஒருவருடன் வரும் 6 முதல் 15 வயது வரையான பிள்ளைகள் இலவசம். பெற்றோருடன் என்பதைக் கவனிக்கவும்: சித்தப்பா குடும்பத்தோடு அனுப்பிவைத்த பிள்ளைக்கு இந்தச் சலுகை இல்லை, அரை டிக்கெட் எடுக்க வேண்டும். சுவிஸில் வசிப்பவர்கள் டிராவல் பாஸ் வாங்க முடியாது, அரைக் கட்டண அட்டையான ஹால்ப்டாக்ஸும் பிள்ளைகளுக்கு ஜூனியர் கார்டும்தான்.

யுங்ஃபிராயோக் இருக்கும் 3,454 மீட்டருக்கு ரயிலில் ஏறும்போது உடல் பழக நேரம் கிடைப்பதில்லை. கைக்குழந்தை, இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் யுங்ஃபிராயோக் டிக்கெட் எடுக்க வேண்டாம். மற்றவர்களும் முந்தைய மாலை வானிலை பார்த்துவிட்டு எடுத்தால் போதும். மேகத்துக்குள் போய் நின்றால் கண்ணுக்கு வெள்ளையைத் தவிர ஒன்றும் படாது.

ஸ்லெட்ஜ் என்றால் குழந்தை விளையாட்டு என்ற நினைப்பு

ஸ்கீ இல்லாத விடுமுறையில் பிள்ளைகள் அதிகம் ரசிப்பது இதைத்தான், அடிபடுவதும் இதில்தான். முதலில் தடத்தின் தேர்வு. ஃபவுல்ஹோர்னிலிருந்து கிரிண்டல்வால்டுக்கு இறங்கும் தடம் 15 கிலோமீட்டர், ஐரோப்பாவிலேயே நீளமானது என்று விளம்பரம். ஃபர்ஸ்ட் நிலையத்தில் இறங்கி, வண்டியை இழுத்துக்கொண்டு சுமார் இரண்டரை மணி நேரம் பனியில் ஏறினால்தான் அதன் தொடக்கமே வரும் என்பது விளம்பரத்தின் பெரிய எழுத்தில் இருக்காது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஆல்பிகிலனிலிருந்து பிராண்டெக் வரை இறங்கும் தடம் போதும். இரண்டும் ஒரே ரயில் பாதையின் நிலையங்கள். பிடிக்கவில்லை, குளிர்கிறது என்றால் ரயிலேறித் திரும்பிவிடலாம். பிரேடாவிலிருந்து பெர்க்யூனுக்கு இறங்கும் 6 கிலோமீட்டர் தடம் அருமையானது, குளிர்காலத்தில் மூடப்படும் மலைச்சாலையே அங்கே ஸ்லெட்ஜ் தடமாகிறது. ஆனால் அது கிராபுண்டன் மாநிலத்தில் இருக்கிறது. இண்டர்லாகனில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் போய்வர நினைத்தால் பகல் முழுவதும் ரயிலில்தான்.

அடுத்தது வண்டி. சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் தட்டைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. வீட்டுப் பின்புறச் சரிவுக்கு அது சரி, தடத்துக்கு ஆகாது. கடையில் மரத்தாலான டாவோஸ் வண்டியோடு ஹெல்மெட்டும் வாடகைக்குக் கேளுங்கள், பெரியவர்களுக்கும் சேர்த்து.

கிளம்புவதற்கு முன் சமமான இடத்தில் ஐந்து நிமிடம் பழகுங்கள். இடது பக்கம் திரும்ப, இடது பாதத்தைப் பனியில் அழுத்தி உடலையும் இடது பக்கம் சாய்க்க வேண்டும். நிறுத்துவதற்கு இரண்டு பாதங்களையும் வண்டியின் சட்டத்தை ஒட்டினாற்போல் தட்டையாக, முழு அடிப்பாகமும் படும்படி அழுத்த வேண்டும். புதியவர்கள் குதிகாலை மட்டும் குத்துவார்கள். பனித்தூள் முகத்தில் அடித்துக் கண் மறையுமே தவிர வண்டி நிற்காது. அவசரமென்றால் கயிற்றோடு வண்டியின் முன்பக்கத்தையும் மேலே தூக்கினால் பின்பகுதி பனியில் அழுந்தி வேகம் குறையும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிப்பது பயன்படாது, வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். கயிற்றைக் கையில் பிடிக்கலாம், மணிக்கட்டில் சுற்றக் கூடாது. தொங்கும் மப்ளர், துப்பட்டா, சால்வை எதுவும் வேண்டாம், சட்டத்தில் சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து. 8 வயதுக்கு உட்பட்டவர்களைத் தனியாக விடாதீர்கள். குப்புறப் படுத்துத் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு போவதை எந்த வயதிலும் அனுமதிக்காதீர்கள். காலையில் தடம் இரவுக் குளிரில் உறைந்து வழுக்கும், முதல் ஓட்டத்தை முற்பகலுக்குத் தள்ளிவைப்பது நல்லது.

நடப்பதற்கென்றால் இளஞ்சிவப்புப் பலகை வைத்த குளிர்கால நடைபாதைகள் இருக்கின்றன. ஆள் நடந்த தடம் தெரிகிறதே என்று பலகை இல்லாத சரிவுக்குள் போவது பனிச்சரிவு அபாயத்துக்குள் போவது.

ஜீன்ஸும் பருத்திச் சாக்ஸும்

பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காயாது. ஸ்லெட்ஜிலிருந்து ஒருமுறை விழுந்தாலே ஜீன்ஸ் நனைந்து, உறைந்து பலகையாகிவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், நடுவில் ஃபிளீஸ், வெளியே நீர்புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். சாக்ஸ் இரண்டு போட்டு ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். தடிமனான கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடி, விரல் அசைய இடமுள்ள, கணுக்காலை மூடும், அடியில் ஆழமான பள்ளங்கள் கொண்ட ஷூ. பிள்ளைகளுக்கு விரல் பிரிந்த கையுறையைவிட மிட்டன் சூடு, நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும். கூலிங் கிளாஸும் சன் ஸ்கிரீனும் எல்லாருக்கும் வேண்டும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும்.

நேரமும் தேதியும்

டிசம்பர் கடைசியில் அங்கே பகல் சுமார் எட்டரை மணி நேரம்தான். செங்குத்தான பள்ளத்தாக்குகளில் சூரியன் அதற்கும் முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். கீழே இறங்கும் கடைசி வண்டியின் நேரம் ‘லெட்ஸ்டே டால்ஃபார்ட்’ என்று நிலையத்தில் எழுதியிருக்கும், ஏறும்போதே அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். பல மலைகளில் அது மாலை 4 மணியை ஒட்டியே இருக்கும்.

வாடகை வீடுகள் இந்த வாரத்தில் பெரும்பாலும் சனி முதல் சனி வரை ஏழு இரவுகளுக்குத்தான். விமான டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு வீடு தேடினால் இரண்டும் பொருந்தாது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். விசாவுக்குத் தேவையான 30,000 யூரோ காப்பீட்டில் ஸ்லெட்ஜ் விபத்தும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்குமா என்று விதிவிலக்குப் பட்டியலைப் படியுங்கள். ‘சாகச விளையாட்டு’ என்ற ஒரே வரியில் விலக்கியிருப்பார்கள். மலை மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414, ஆம்புலன்சுக்கு 144.

கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க 25ஆம் தேதி போய் இறங்குவதில் பயனில்லை. பாசெலில் 23ஆம் தேதியோடும், மோன்ட்ரோவில் 24ஆம் தேதியோடும் சந்தை முடிந்துவிடும். 24 மாலையே கடைகள் சாத்துவார்கள், 25 விடுமுறை, பெர்ன் உள்ளிட்ட பல மாநிலங்களில் 26ஆம் தேதியும் விடுமுறை. 2026இல் 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை, ஞாயிறையும் சேர்த்தால் மூன்று நாள். ரயில் நிலையக் கடைகளும் சுற்றுலா ஊர்களில் சில கடைகளும் திறந்திருக்கும். உணவகங்களில் 24 இரவுக்கு முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது கடினம். சைவமென்றால் ரோஸ்டி எனும் உருளைக்கிழங்கு வறுவலில் ‘ஷ்பெக்’, அதாவது பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கிறதா என்று கேளுங்கள். உருக்கிய சீஸான ஃபோண்டூவில் வெள்ளை ஒயின் சேரும், பிள்ளைகளுக்கு வாங்கும் முன் அதையும் கேளுங்கள்.

சமையலறை உள்ள வீடு எடுத்து, அரிசி, பருப்பு, பொடி வகைகளைக் கொண்டுபோவது நல்ல யோசனை. ஆனால் இந்தியாவிலிருந்து நெய், பால்கோவா வேண்டாம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் இறைச்சி, பால் பொருள்களைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலை, பச்சை மிளகாய்க்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய்க்கு அது தேவையில்லை.