லூசியானா தோட்ட மாளிகைகள்: முதலில் விட்னிக்குப் போங்கள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்குப் போகிறவர்கள் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் பழைய கரும்புத் தோட்ட மாளிகைகளைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள். பெரும்பாலும் ஓக் ஆலி என்ற மாளிகைக்குத்தான். இருபுறமும் மொத்தம் 28 ஓக் மரங்கள் வளைந்து நிற்கும் அந்தப் பாதை அழகுதான். ஆனால் அதற்கு முன்னால் காலையிலேயே விட்னி தோட்டத்துக்குப் போய்விடுங்கள்.

2014 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட விட்னி, முதலாளிகளைவிட அங்கே அடிமைகளாக உழைத்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறது. லூசியானாவில் அடிமைப்படுத்தப்பட்ட 1,07,000 பேரின் பெயர்கள் கற்பலகைகளில் இருக்கின்றன. மூன்று வயதுகூட நிரம்பாமல் இறந்த சுமார் 2,200 அடிமைக் குழந்தைகளுக்கும் தனி நினைவிடம் உண்டு. நின்று வாசியுங்கள், அவசரம் வேண்டாம். குழந்தைகளைக் கூட்டிப்போனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம் ஓக் ஆலிக்குப் போனால் மாளிகையை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். அங்கே அடிமையாக இருந்த அந்துவான் என்ற தோட்டக்காரர்தான் 1840களில் பீக்கன் என்ற கொட்டை மரத்தை வெற்றிகரமாக ஒட்டுக்கட்டியவர். வழிகாட்டியிடம் அவரைப் பற்றிக் கேளுங்கள்.

இரண்டும் நகரத்திலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நகரப் பேருந்தை நம்ப வேண்டாம். வாடகைக் கார் அல்லது சுற்றுலா வண்டிதான் சரி. நுழைவுச் சீட்டை இணையத்தில் எடுக்கும்போதே எந்த நாளில் மூடியிருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விட்னியில் பெரும்பகுதி வெட்டவெளி. கோடையில் புழுக்கம் கடுமை, தொப்பியும் தண்ணீரும் கொசு விரட்டியும் கட்டாயம்.