குப்பை பிரிக்கும் இடம்: குடியிருப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் அடுக்குமாடி எழும்பினாலும் சரி, மார்த்தாண்டத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் நாலைந்து வாடகை வீடுகள் கட்டினாலும் சரி, குப்பைக்கு இடம் கடைசியில்தான் யோசிக்கிறோம். காரும் பைக்கும் போக மிஞ்சிய மூலை அதற்கு. மாடிப்படிக்கு அடியிலோ, பின்பக்க மதிலோரத்திலோ. முதல் தவறு அதுதான்.

குப்பையை யார் கொண்டுபோகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். மூட்டுவலியோடு ஒரு பாட்டி, பள்ளிக்குக் கிளம்பும் சிறுமி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண். நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்யும்; மதிலோரத்துத் தரையில் பாசி காயவே காயாது. அங்கே ஒருமுறை வழுக்கிய பாட்டி மறுநாள் முதல் எதையும் பிரிக்க மாட்டார். எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிப் பேரனிடம் கொடுத்துவிடுவார். கூரை, விளக்கு, சொரசொரப்பான தளம் மூன்றும் வேண்டும்.

‘ஒரு படிதானே’ என்று விடாதீர்கள். சக்கர நாற்காலி அந்தப் படியோடு நின்றுவிடும். சாய்தளத்துக்கு 1:12 கணக்கு: 15 செ.மீ. உயரம் ஏற 180 செ.மீ. நீளம். வாசல் 90 செ.மீ. அகலமும், உள்ளே நாற்காலி திரும்ப 150 செ.மீ. இடமும் விடுங்கள். காலால் மிதித்துத் திறக்கும் தொட்டி மட்டும் வைத்தால் ஊன்றுகோல் பிடித்தவர் என்ன செய்வார்? கையாலும் திறக்கிற, கனமில்லாத மூடி போதும்.

பச்சை மக்கும் குப்பைக்கு, நீலம் மக்காததற்கு, சிவப்பு இன்னொரு வகைக்கு என்று நிறத்தை மட்டும் நம்புவதும் தவறு. பச்சையும் சிவப்பும் பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் எழுதி ஒட்டினால் வட மாநிலத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் புரியாது, நம் பாட்டிக்கும் புரியாது. மீன் செதில், பால் கவர், பழைய பேட்டரி என்று படமாகவே ஒட்டுங்கள். கூடவே தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் ஒரு வரி.

வெளியூர் வரைபடத்தை அப்படியே எடுத்தால் சிரட்டைக்கும் கதம்பைக்கும் (தேங்காய் உரித்த மட்டை) இடமிருக்காது. இரண்டும் மக்கும் பொருள்தான். ஆனால் உரத்தொட்டியில் மாதக்கணக்கில் அப்படியே கிடந்து இடத்தை அடைக்கும். தனிச் சாக்கு வையுங்கள், அடுப்பெரிக்கக் கேட்டு வாங்கிப் போக ஆள் உண்டு. மீன் கழிவுதான் பெரிய தலைவலி. மூடியில்லாத தொட்டியில் போட்டால் விடிவதற்குள் பூனையும் நாயும் இழுத்துப் பரப்பிவிடும். பக்கத்திலேயே காய்ந்த சருகோ தென்னைநார்த் தூளோ ஒரு வாளியில் இருந்தால், கொட்டியவரே மேலே ஒரு கை அள்ளிப் போட்டு மூடலாம். நாற்றம் பெருமளவு அடங்கும்.

நாப்கின் தொட்டியை வாட்ச்மேன் நாற்காலிக்கு நேரெதிரே வைத்த குடியிருப்புகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே யார் போடுவார்கள்? கழிவறையில் போட்டு அடைப்பில் முடியும். ஒரு சிறு தடுப்புச் சுவர் கட்டினால் தீர்கிற பிரச்சினை இது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, அந்த இடத்தை அதிகம் பயன்படுத்துகிற தூய்மைப் பணியாளரிடம் யாருமே கேட்பதில்லை என்பது. தொட்டியை எப்படித் தூக்குகிறார், வண்டி எதுவரை வரும், உடைந்த கண்ணாடி எங்கே கையைக் கிழிக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எடை போட எங்கே வசதி என்று ஆக்கர் கடைக்காரரையும் (பழைய பொருட்களை எடைக்கு வாங்குபவர்) கேளுங்கள். இந்தப் பேச்சு அஸ்திவாரம் தோண்டும் முன்பே நடக்கட்டும். அவர்கள் கை கழுவ ஒரு குழாயும் அந்த வரைபடத்திலேயே இருக்கட்டும்.