கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூ.சி.க்கு: படித்த பாடங்கள் வீணாகாமல் மாறுவது எப்படி?

என் மகள் கலிபோர்னியாவின் பே ஏரியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைத் தரும் அரசுக் கல்லூரி) படித்துவிட்டு யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியாவுக்கு, அதாவது யூ.சி.க்கு, மாறினாள். அதிலிருந்து தமிழ்ப் பள்ளி வாசலில் பார்க்கும் பெற்றோர் பலரும் கேட்பது ஒன்றுதான்: "இங்கே படிச்சதெல்லாம் அங்கே செல்லுமா?"

செல்லும். ஆனால் ஒரு பாடம் வெறும் யூனிட்டாகச் செல்வது வேறு, மேஜருக்கு (பட்டத்தின் முதன்மைத் துறைக்கு) கட்டாயமான பாடமாகச் செல்வது வேறு. யூனிட்டாக மட்டும் சென்றால் எண்ணிக்கை கூடும், ஆனால் யூ.சி.யில் அதே பாடத்தைப் பணம் கட்டி மறுபடி படிக்க வேண்டிவரும். கீழே சொல்வதெல்லாம் அதைத் தவிர்ப்பதற்குத்தான். யூனிட், ஜி.பி.ஏ. பற்றியெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. மேஜரையும் இரண்டு மூன்று கேம்பஸையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

"யூ.சி.க்குப் போகணும்" என்பது மட்டும் போதாது. ஒரே கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு டேவிஸ் கேட்கும் பாடங்கள் வேறு, சான் டியேகோ கேட்பவை வேறு. முதல் டெர்ம் பதிவுக்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

2. அசிஸ்ட் தளத்தைத் திறங்கள்

அசிஸ்ட் டாட் ஆர்க். இலவசம், அரசுக் கல்லூரிகளின் அதிகாரப்பூர்வத் தளம். கல்வியாண்டு, உங்கள் காலேஜ், போக வேண்டிய கேம்பஸ், மேஜர் ஆகியவற்றைக் கொடுத்தால் ஒப்பந்தப் பட்டியல் வரும். இடப்பக்கம் யூ.சி. பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான உங்கள் காலேஜ் பாடம். வலப்பக்கத்தில் இரண்டு பாடங்களுக்கு நடுவே "ஆண்ட்" என்று இருந்தால் இரண்டையும் முடித்தால்தான் அந்த ஒரு யூ.சி. பாடம் கழியும். "ஆர்" என்றால் ஏதாவது ஒன்று. ஈடான பாடமே இல்லை என்று அறிவிப்பு வந்தால் பயப்பட வேண்டாம், அதைப் போன பிறகு படித்துக்கொள்ளலாம்.

பணம் வாங்கிக்கொண்டு திட்டம் போட்டுத் தரும் ஆலோசகர்கள் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. அசிஸ்ட் பக்கத்தைப் பி.டி.எஃப்.ஆகத் தேதியோடு சேமித்து வையுங்கள். கூகுள் ஷீட்டில் கேம்பஸுக்கு ஒரு பத்தி, பாடத்துக்கு ஒரு வரிசை. எல்லாப் பத்தியிலும் வரும் பாடங்களை முதலில் எடுக்க வேண்டும். இதற்கு மேல் ஒரு கருவியும் வேண்டாம்.

3. தொடர் பாடங்களை ஒரே காலேஜில் முடியுங்கள்

எங்களை நிறுத்திவைத்த இடம் இது. கால்குலஸும் பிசிக்ஸும் பகுதி பகுதியாக வரும் தொடர்கள். குபெர்டினோவில் இருக்கும் டி ஆன்சா காலேஜ் குவார்ட்டர் முறையில், அதாவது செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களாக, இயங்குகிறது. அங்கே கால்குலஸ் 1ஏ, 1பி, 1சி, 1டி என நான்கு பகுதி. ஃப்ரீமான்ட்டின் ஓலோனி, சான்டா கிளாராவின் மிஷன் போன்றவை செமஸ்டர் காலேஜுகள். அங்கே கிட்டத்தட்ட அதே பாடத்திட்டம் மூன்று செமஸ்டரில் முடியும். அதனால் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் இரண்டு முறையிலும் ஒன்றாக இருக்காது.

மகள் படித்தது குவார்ட்டர் காலேஜ். கால்குலஸில் இரண்டு பகுதி முடித்திருந்தாள். சம்மரில் மூன்றாவது பகுதிக்கு இடமில்லை. பக்கத்துச் செமஸ்டர் காலேஜில் இடம் இருந்தது. விசாரித்தால் "டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்றார்கள். யூனிட் கணக்கில் அது உண்மைதான். ஆனால் அசிஸ்டில் ஒவ்வொரு காலேஜுக்கும் தனித்தனி ஒப்பந்தம். பாதி இங்கே, பாதி அங்கே என்று படித்தால் எது எதற்கு ஈடு என்று காட்டும் வரிசை எதிலும் இல்லை. அதனால் இலையுதிர் குவார்ட்டர் வரை காத்திருந்து அதே காலேஜில் தொடர்ந்தாள். வேறு வழியே இல்லாவிட்டால், பதிவு செய்வதற்கு முன் போகவிருக்கும் கேம்பஸின் மேஜர் துறைக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

யூனிட் மாற்றுக் கணக்கு: குவார்ட்டர் யூனிட்டை மூன்றில் இரண்டால் பெருக்கினால் செமஸ்டர் யூனிட். டி ஆன்சாவின் 5 யூனிட் பாடம் சுமார் 3.3 செமஸ்டர் யூனிட். ஜூனியராக (மூன்றாம் ஆண்டு மாணவராக) சேர 60 செமஸ்டர், அதாவது 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும்.

4. கால்-கெட்ஸி

பொதுக் கல்விப் பாடங்களின் தொகுப்பு. 2025 இலையுதிர் காலத்திலிருந்து புதிதாகச் சேருபவர்களுக்கு, பழைய ஐ-கெட்ஸியின் இடத்தில் இதுதான். ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது சி வாங்க வேண்டும். சி மைனஸ் செல்லாது. இன்ஜினியரிங் போன்ற மேஜர்களுக்கு இதை முடிப்பதைவிடக் கணக்கு, பிசிக்ஸ் பாடங்களை முடிப்பதுதான் முக்கியம்.

5. விண்ணப்பம்

டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு கேம்பஸ்களில் 'டேக்' என்ற இட உறுதித் திட்டம் உண்டு. ஒரு கேம்பஸுக்கு மட்டும், செப்டம்பர் மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியேகோவில் இது கிடையாது. பொது விண்ணப்பம் அக்டோபர் தொடங்கி நவம்பர் இறுதி வரை. ஜனவரியில் இலையுதிர் மதிப்பெண்களைப் புதுப்பிக்கச் சொல்வார்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்டவை

ஏ.பி. (ஹைஸ்கூலில் எழுதும் காலேஜ் தரத் தேர்வு) மதிப்பெண் கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்டில் (மதிப்பெண் பதிவில்) ஏறியிருந்தாலும் யூ.சி. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாது. அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து நேரடியாக அனுப்புங்கள்.

70 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல் படித்துவிட்டால்? கம்யூனிட்டி காலேஜிலிருந்து 70 வரைதான் யூனிட் சேரும். அதற்கு மேல் படித்த பாடங்களுக்கு யூனிட் வராது, ஆனால் பாடம் முடித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். வீணில்லை.

ஸ்டான்ஃபோர்டு, யூ.எஸ்.சி. ஆகிய தனியார் பல்கலைக்கழகங்கள் அசிஸ்டில் இல்லை. அவரவர் தளத்தில்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பலரும் மறப்பது: ஹைஸ்கூலில் இருக்கும்போதே டூயல் என்ரோல்மென்ட்டில் எடுத்த காலேஜ் பாடமும் காலேஜ் பதிவுதான். எட்டாம் வகுப்புச் சம்மரில் எடுத்த ஒற்றை யோகா வகுப்பானாலும் விண்ணப்பத்தில் எழுதி, சேர்க்கை கிடைத்ததும் அந்தக் காலேஜிலிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட் அனுப்ப வேண்டும்.