டோம்பிவிலி அத்தைக்கு ஒரு பரிசுக்கூடை: முதல் முறை கட்டுபவர்களுக்கு

நான் முதன்முதலில் கட்டிய பரிசுக்கூடையில் தேன்குழலும் சந்தன சோப்பும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மேலே செலோபேன் தாள், அதற்கு மேல் சிவப்பு ரிப்பன். ஜூலை மாதம், வெளியே கொட்டுகிற மழை. இரண்டு நாள் கழித்து அத்தை போன் செய்தார். "கூடை ரொம்ப அழகா இருக்குடி. தேன்குழலைத்தான் வாயில போட்டா குளிச்சு முடிச்ச மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு நாலைந்து கூடை கட்டியாகிவிட்டது. போன மாதம் அதே அத்தையின் பிறந்தநாளுக்குக் கட்டியதை வைத்தே சொல்கிறேன். நான் இருப்பது மும்பை மாட்டுங்காவில், அத்தை இருப்பது லோக்கல் ரயிலில் போகிற தூரத்தில் உள்ள டோம்பிவிலியில். உங்கள் ஊருக்கும் ஆளுக்கும் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: வீட்டை நோட்டம் விடுவது

கடைக்குப் போவதற்கு முன்னால் அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். சமையலறை, மேஜை, ஜன்னலோரம் மூன்றையும் பாருங்கள். எது தீர்ந்துபோகிற நிலையில் இருக்கிறது, எது உடைந்தும் தூக்கிப்போடாமல் இருக்கிறது, எதைப் பூட்டி வைத்திருக்கிறார்? அத்தை பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியின் கைப்பிடி விண்டு, ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. கேட்டால் "இதுவே போறும்" என்பார். காபிப்பொடி டப்பாவில் ஒரு வாரத்துக்குத்தான் பொடி. அலமாரி ஆல்பத்தில் என் பாட்டியோடு அவர் நிற்கிற படம் ஒன்று ஓரம் மடங்கிக் கிடந்தது. பாதிக் கூடை அங்கேயே நிரம்பிவிட்டது.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் அதற்கு என்றைக்கு உண்மையான பதில் சொன்னார்கள்?

பட்டியல்

சீர்த்தட்டு ஒற்றைப்படையில் வைப்பது நம் வழக்கம். கூடைக்கும் அதையே வைத்துக்கொண்டேன்: ஐந்து பொருள். ஏழுக்கு மேல் போனால் கூடை மளிகைக்கடை மூட்டையாகிவிடும். பூதக்கண்ணாடி, 200 கிராம் காபிப்பொடி, வீட்டில் அரைத்த பருப்புப்பொடி, பாட்டி படத்தின் புதுப் பிரதி, கோலமாவு. சாக்லேட், கரடி பொம்மை, வாசனை மெழுகுவத்தி எல்லாம் கடைக்காரர் நமக்காகப் போடும் பட்டியல். அத்தைக்கு அதில் ஒன்றும் வேண்டாம்.

ஐந்தில் ஒன்றாவது உங்கள் கையால் செய்ததாக இருக்கட்டும். சமைக்க வராதவர்கள் ஒரு பை தைக்கலாம், அல்லது பழைய படத்துக்குச் சட்டம் போட்டு வரலாம்.

கூடை

கிராஃபோர்ட் மார்க்கெட் பழக்கடைகளில் பிரம்புக்கூடை பார்த்திருப்பீர்கள். தெருவோரம் மூங்கில் கூடை விற்பவர்களும் உண்டு. மராத்தியில் 'டோப்லி' என்று கேளுங்கள். 12 அங்குல அகலம், 5 அங்குல ஆழம், தட்டையான அடி, கைப்பிடி. இது போதும். ஆழம் கூடினால் பொருளெல்லாம் உள்ளே முங்கி, அடியில் காகிதம் திணித்தே பொழுது போய்விடும்.

வாங்கும்போது மூன்று சோதனை. தரையில் வைத்து அழுத்துங்கள், ஆடக்கூடாது. உள்பக்கம் உள்ளங்கையால் தடவுங்கள், சிராய் குத்தக்கூடாது. கவிழ்த்துத் தட்டுங்கள், மாவு மாதிரி தூள் கொட்டினால் பூச்சி அரித்த மூங்கில், வேண்டாம். வாங்கி வந்ததும் அரை நாள் வெயிலில் போடுங்கள். மழைக்காலமென்றால் ஃபேனுக்குக் கீழே ஒரு ராத்திரி.

பொடியும் காபியும்

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றிலேயே தண்ணீர். முறுக்கு, அப்பளம் இரண்டையும் அந்த மாதங்களில் கூடையில் வைக்காதீர்கள். பருப்புப்பொடி தாங்கும், ஆனால் ஈரம் துளியும் படக்கூடாது. துவரம்பருப்பு ஒரு கப், மிளகாய் வற்றல் ஆறு, மிளகு ஒரு டீஸ்பூன், பெருங்காயம், உப்பு. பருப்பைச் சின்னத் தீயில் பொன்னிறம் வரும்வரை வறுத்து, மற்றதையும் வறுத்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள். அரைத்தபின் மறுபடியும் ஆறவிட வேண்டும். மிக்ஸி சூட்டோடு பாட்டிலில் அடைத்தால் மூடியின் உள்பக்கம் வியர்த்து, பொடி கட்டிதட்டிவிடும். இந்த இரண்டாவது ஆறலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். கண்ணாடி பாட்டிலில் அரைத்த தேதியை ஒட்டுங்கள்.

காபியை ஆசைப்பட்டு அரைக் கிலோ வாங்காதீர்கள். அரைத்த பொடியின் வாசனை நாளுக்கு நாள் குறையும். தனியாக இருப்பவருக்கு 200 கிராமே அதிகம், அதையும் நூறு நூறாக இரண்டு பாக்கெட். மாட்டுங்காவில் கண்ணெதிரே அரைத்துத் தரும் கடை இருக்கிறது. அத்தைக்கு 80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி. ஃபில்டருக்கு என்று சொல்லி அரைக்கச் சொல்லுங்கள். சிக்கரி கலந்த காபிப்பொடியில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. பாக்கெட்டாக வாங்குபவர்கள் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சோப்பு, ஊதுபத்தி மாதிரி வாசனைப் பொருள் கொடுத்தே ஆக வேண்டுமா? தனிப் பையில் கையில் கொடுங்கள். கூடைக்குள் வேண்டாம். தேன்குழல் கதைதான் தெரியுமே.

அடுக்குவது

அடியில் கசக்கிய செய்தித்தாள், இரண்டு அங்குல உயரம். அதன்மேல் பழைய பருத்திப் புடவைத் துண்டு. தெர்மகோல் உருண்டை போடாதீர்கள், வீடு முழுக்கப் பறக்கும். கனமான பொடி பாட்டிலும் கோலமாவும் நடுவில், காபி அவற்றை அணைத்தபடி. படம் பின்பக்கம் கைப்பிடியில் சாய்ந்து நிற்கட்டும். கண்ணாடிச் சட்டமென்றால் துணியில் சுற்றுங்கள். பூதக்கண்ணாடி முன்னால். கூடையைத் தூக்கி ஒருமுறை குலுக்குங்கள். ஏதாவது கடகடவென்றால் அந்த இடுக்கில் இன்னும் கொஞ்சம் காகிதம்.

துணி சுற்றுவது

செலோபேன் பளபளக்கும், உள்ளே வியர்க்கவும் செய்யும். நான் அதை விட்டுவிட்டு பருத்தித் துணிக்கு மாறிவிட்டேன். கணக்கு இதுதான்: கூடையின் அகலம், கைப்பிடி உச்சிவரை உள்ள உயரம் இரண்டு மடங்கு, முடிச்சுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண். 12 அகலம், 12 உயரம், சாணுக்கு 9 என்றால் 54 அங்குலம், அதாவது ஒன்றரை கஜச் சதுரம். நடுவில் கூடையை வைத்து, எதிரெதிர் முனைகளைக் கைப்பிடிக்கு மேலே ஒரு முடிச்சு, மற்ற இரண்டையும் அதன்மேல் இன்னொரு முடிச்சு. ரிப்பன் தேவையில்லை. அத்தை அந்தத் துணியை மறுநாளே வடாம் காயவைக்க எடுத்துக்கொண்டார்.

முடிச்சு போடுவதற்கு முன்னால் கடிதம். நாலு வரி, தமிழில், உங்கள் கையெழுத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தாக. பூதக்கண்ணாடிக்குக் கீழே செருகிவிடுங்கள்.

கொண்டுபோவது

மாட்டுங்காவில் ஸ்லோ லோக்கல், அதாவது எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ரயில் மட்டும்தான் நிற்கும். ஃபாஸ்ட் பிடிக்கிறேன் என்று கூடையோடு தாதர் போகாதீர்கள், அந்தக் கூட்டத்தில் பொடி பாட்டில் பிழைக்காது. சாயங்காலம் டோம்பிவிலி பக்கம் போகிற வண்டியெல்லாம் நெரிசல், அதனால் காலை பதினொரு மணிக்கு மேல் கிளம்புங்கள். மேல் ராக்கில் வைக்க வேண்டாம், மடியில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையென்றால் மெகா பிளாக் (தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்துவது) எந்தத் தடத்தில் என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

பூ வைக்க ஆசையிருந்தால் மாட்டுங்காவிலிருந்து சுமக்காதீர்கள். டோம்பிவிலியில் இறங்கி, ஸ்டேஷன் வாசலில் ஒரு முழம் வாங்கி முடிச்சின் மேல் சுற்றிக்கொள்ளுங்கள்.