கருடக்கொடி நடுங்கள், சதர்ன் பேர்ட்விங் வரும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் வீடு இருந்தால் கருப்பும் மஞ்சளுமாக உள்ளங்கையைவிடப் பெரிய பட்டாம்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சதர்ன் பேர்ட்விங்.

அதை வரவழைக்க முதலில் வேண்டியது பூ இல்லை, கருடக்கொடி. பெண் பூச்சி அதில் முட்டை இடும், புழுவுக்கும் அது சாப்பாடு. நர்சரியில் இதே இனத்தில் வெளிநாட்டு அலங்காரக் கொடி ஏதாவது தந்தால் வாங்காதீர்கள், உள்ளூர்க் கொடியே போதும். மரத்தடியில் பாதி நிழலில் நட்டு ஏறிப் படர விடுங்கள், ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்தாவது வையுங்கள், ஏனென்றால் வளர்ந்த புழு இலையை முடித்துவிட்டுத் தண்டையும் கடிக்கும்.

இலையின் அடிப்பக்கம் தனித்தனியாக உருண்டை முட்டை தெரியும். புழு கருஞ்சிவப்பு, உடம்பெல்லாம் சதைமுள், நடுவில் வெளிர்நிறப் பட்டை. சீண்டினால் தலைக்குப் பின்னால் இரண்டு கொம்பு போல ஒன்றை நீட்டி நாற்றம் அடிக்கும், அவ்வளவுதான். கொடியில் இருக்கும் நஞ்சை அது உடம்பில் சேர்த்து வைப்பதால் பறவைகள் பெரும்பாலும் தொடாது. (அதே நஞ்சு நம் சிறுநீரகத்துக்கு ஆகாது, கஷாயம் கிஷாயம் வேண்டாம்.)

மருந்து அடிக்கவே கூடாது. கூட்டுப்புழு இடுப்பில் பட்டுநூல் கட்டிக்கொண்டு இலைச்சருகு மாதிரியே தொங்கும், அதனால் பக்கத்துப் புதரை வெட்டும்முன் நன்றாகப் பாருங்கள். அப்புறம் தேனுக்கு தெச்சிப்பூ இரண்டு செடி வையுங்கள்.