கழிவுத் தூள் கலந்த கான்கிரீட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலக்கரிச் சாம்பல், இரும்பு உலைக் கசடு, சிலிக்கா ஃபியூம் (சிலிக்கன் உலைப் புகையில் கிடைக்கும் மிக நுண்ணிய தூள்) என ஏதோ ஒரு தூளைக் கொண்டுவந்து, "சிமென்டில் எத்தனை சதவீதம் குறைக்கலாம்?" என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. சரியாக நிறுங்கள், நன்றாகக் கலக்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதை விட்டுவிடுகிறேன்.

மாவு போல இருந்தால் பிணைக்கும் என்று நம்புவது

சாம்பலில் உள்ள சிலிக்கா பெரும்பாலும் கண்ணாடி நிலையில் இருக்கிறது. அதனால்தான் சுண்ணாம்போடு சேர்ந்து பிணைப்பைத் தருகிறது. கிரானைட் அறுக்கும்போது வரும் தூளிலும் சிலிக்கா 70 சதவீதம் இருக்கலாம். ஆனால் அது படிகமாக இறுகிக் கிடக்கிறது, வினைக்கு வராது. பகுப்பாய்வுத் தாளில் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். சிமென்டில் 20 சதவீதத்தை எடுத்துவிட்டு அந்தத் தூளைப் போட்டுச் சாந்துக் கியூப் (வலிமையைச் சோதிக்க வார்க்கும் கனசதுரக் கட்டி) வார்த்து, தூள் கலக்காத கியூபோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முக்கால் பங்கு வலிமைகூட வராத தூள் இடைவெளியை நிரப்பத்தான் உதவும்.

சாம்பல் கலந்த சிமென்டில் மறுபடி சாம்பல்

பையில் அச்சிட்டிருப்பதை முதலில் படியுங்கள்.

கியூபுக்கு 28 நாள் தண்ணீர், தரைக்கு நாலு நாள்

இன்றைக்கும் என்னைக் கோபப்படுத்துகிற தவறு இதுதான்.

ஒரு கிடங்கின் தரை. சிமென்டில் 35 சதவீதத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் போட்டிருந்தோம். கியூப்கள் தொட்டித் தண்ணீரில் கிடந்தன, 28ஆம் நாள் வலிமை கணக்குக்கு மேலேயே வந்தது. தரைக்கு நாலு நாள்தான் தண்ணீர் விட்டோம். ஐந்தாம் நாள் அடுத்த வேலைக்கு ஆட்கள் இறங்க வேண்டும் என்றார்கள், நானும் சரி என்று சொல்லிவிட்டேன். சில மாதங்களில், வண்டி ஓடிய தடமெல்லாம் மாவாக உதிர்ந்தது. மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஓர் அடுக்கு போட்டோம். சாம்பலால் மிச்சமானதைவிடப் பல மடங்கு அதில் போனது.

காரணம் எளிது. சிமென்ட் முதலில் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பு உண்டாகிறது. சாம்பல் அந்தச் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு அதன் பிறகுதான், மெதுவாகத் தன் வேலையைச் செய்கிறது. அதற்கு வாரக்கணக்கில் ஈரம் வேண்டும். துளைகளுக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வினை ஏறக்குறைய நின்றுவிடும். முதலில் காய்வது மேல்பகுதி. தேய்மானத்தைத் தாங்க வேண்டியதும், உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்க வேண்டியதும் அதே மேல்பகுதிதான். தொட்டியில் கிடக்கும் கியூபுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் தெரியாது. கலவையால் என்ன முடியும் என்பதை அது சொல்லும், உங்கள் தரை எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது.

போன மாதம்கூட ஓர் இளைஞர் 28 நாள் முடிவை ஆசையோடு காட்டினார். "தளத்துக்கு எத்தனை நாள் கியூரிங்?" என்றேன். "மூணு நாள் சார், அதான் கியூப் பாஸ் ஆயிடுச்சே" என்றார். அந்தக் கிடங்குத் தரை போட்டபோது நான் நினைத்ததும் இதேதான்.

சாம்பல் கலந்தால் குறைந்தது 10 நாள் ஈரம் வையுங்கள். வெயிலும் காற்றும் இருந்தால் 14 நாள். நனைத்த சாக்கை விரித்து, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தெளிப்பதெல்லாம் கியூரிங் ஆகாது. கூடவே மூன்று கியூபைத் தளத்தின் பக்கத்திலேயே வைத்து, தளத்துக்கு என்ன கிடைக்கிறதோ அதையே அவற்றுக்கும் கொடுங்கள். தொட்டிக் கியூபுக்கும் இவற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் பிறகு தண்ணீரை நிறுத்தமாட்டார்.

இன்னொன்று: 7ஆம் நாள் வலிமை குறைவாக வந்ததும் பதறிப்போய்க் கலவையை மாற்றாதீர்கள். 56ஆம் நாளுக்கும் சில கியூப்களை எடுத்துவையுங்கள். அதே காரணத்தால் ஷட்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் அச்சுப் பலகை) பிரிக்கும் நாளையும் தள்ளிப்போட வேண்டும், குளிர் காலத்தில் இன்னும் அதிகமாக.

எடைக்கு எடை மாற்றிவிட்டு மணலை அப்படியே விடுவது

சிமென்டின் அடர்த்தி எண் (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) 3.15, சாம்பலுக்குச் சுமார் 2.2. பத்துக் கிலோ சாம்பல் பதினாலு கிலோ சிமென்டின் இடத்தை அடைத்துக்கொள்ளும். இப்படிக் கூடுதலாக அடைபடும் இடத்தின் அளவுக்கு மணலைக் குறையுங்கள்.

கறுத்த சாம்பல்

எரியாத கரி அதிகம் என்று சந்தேகப்படுங்கள். எரியிழப்புச் சோதனையில் (சூடாக்கி எரித்தால் எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது) 6 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள்.

சிலிக்கா ஃபியூமுக்குத் தண்ணீரைக் கூட்டுவது

இதன் துகள் சிமென்ட் துகளில் நூறில் ஒரு பங்குதான். கலவை உடனே இறுக்கமாகத் தெரியும், கை தானாகத் தண்ணீர்க் குழாய்க்குப் போகும். தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் ரசாயனமான சூப்பர் பிளாஸ்டிசைசரைக் கூட்டுங்கள், தண்ணீரைத் தொடாதீர்கள். அப்புறம், இந்தக் கலவையில் மேலே கசிந்து வரும் நீர் அனேகமாக இருக்காது. அதனால் இறுகுவதற்கு முன்பே மேற்பரப்பு காய்ந்து வெடிக்கும். மட்டம் தட்டி முடித்த கையோடு மூடிவிடுங்கள், மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம்.